கன்னத்தில் கோடில்லாத செந்தலைப் பூங்குருவி: இது எந்தக் கிளையினம்?

ஜாலஹள்ளி வாசகி (கேள்வி)

வணக்கம். பெங்களூரு ஜாலஹள்ளியில் எங்கள் குடியிருப்பின் பின்புறம் உள்ள மூங்கில் புதரடிக்கு, டிசம்பர் தொடக்கத்திலிருந்து செந்தலைப் பூங்குருவி ஒன்று வந்துகொண்டிருக்கிறது. ஏற்காட்டில் நான் பார்த்துப் பழகிய பறவைகளுக்கு வெள்ளைக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே இரண்டு கருங்கோடுகள் இறங்கியிருக்கும். இதற்கோ முகம், தொண்டை, மார்பு எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. முதுகு நீலச்சாம்பல் நிறம், இறக்கையின் மேற்பகுதியில் வெள்ளைப் பட்டை. இது பெண் பறவையா, இளம் பறவையா, அல்லது வேறு இனமா?

நந்திமலை நடையர்

அம்மா, இனம் ஒன்றுதான்; கிளையினம், அதாவது அதே இனத்துக்குள் வாழிடத்தைப் பொறுத்து மாறுபடும் பிரிவு, வேறு. ஏற்காட்டில் நீங்கள் பார்த்தது தீபகற்ப இந்தியாவுக்கு உரிய சயனோட்டா. இப்போது வந்திருப்பது, 1790இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் லேதம் விவரித்த சிட்ரினா என்னும், இனத்தின் பெயரையே தாங்கும் முதன்மைக் கிளையினம் என்றே கருதுகிறேன். இமயமலை அடிவாரக் காடுகளில் கூடுகட்டும் அந்தப் பறவைகள் குளிர்காலத்தில் தெற்கே இறங்கி, இலங்கை வரை செல்கின்றன. அவை இரவில் பயணம் செய்வதால், நேற்றுவரை இல்லாத பறவை விடிந்ததும் நகரத்துத் தோட்டம் ஒன்றில் நிற்பது வழக்கமானதே.

பெண் பறவையாக இருக்குமோ என்ற ஐயத்துக்கு முகம் விடை தராது. பெண்ணுக்கு முதுகில் பழுப்பு கலந்த பசுமை ஏறியிருக்கும். ஆனால் சயனோட்டாவின் பெண்ணுக்கும் கன்னக் கோடுகள் உண்டு. முதுகு தெளிவான நீலச்சாம்பல் என்கிறீர்கள். ஆகவே வளர்ந்த ஆணாக இருக்கலாம். இளம் பறவையாக இருந்தால் முதுகில் வெளிறிய கீற்றுகள் தெரியும். நிழலில் எடுத்த படத்தில் ஆரஞ்சு நிறம் ஏமாற்றக்கூடும் என்பதால், தொண்டை வெள்ளையா என்பதை மட்டும் நல்ல வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள். சயனோட்டாவுக்கு வெள்ளைத் தொண்டையும் கோடுகளும் சேர்ந்தே இருக்கும்.

மல்லேஸ்வரம் மாணவர்

மேலே சொன்னதை ஏற்கிறேன். இறக்கைப் பட்டையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிட்ரினா, சயனோட்டா இரண்டுக்கும் அந்த வெள்ளைப் பட்டை உண்டு. மியான்மர், தாய்லாந்துப் பக்கத்து இன்னோடாட்டாவுக்கு முகம் இதே போல ஆரஞ்சாக இருந்தாலும் பட்டை கிடையாது.

இந்த இனத்தில் ஏறத்தாழ 12 கிளையினங்களைப் பிரிக்கிறார்கள். என்னை மிகவும் வியக்க வைப்பது கன்னக் கோடுகளின் பரவல்தான்: தென்னிந்தியப் பறவைக்கு இருக்கின்றன, இடையில் இமயத்துப் பறவைக்கு இல்லை, தென்சீனத்து மெல்லி கிளையினத்தில் மறுபடி தோன்றுகின்றன. நிக்கோபார்ப் பறவைக்கு அல்போகுலாரிஸ் என்ற பெயர் வந்தது அதன் வெள்ளைத் தொண்டையால். ஜாவாவிலும் பாலியிலும் இதன் இனிய குரலே இதற்குப் பகையாகிவிட்டது; கூண்டில் வளர்த்துப் பாட்டுப் போட்டிக்கு விடுவதற்காகக் காட்டிலிருந்து பெருமளவில் பிடிக்கிறார்கள். இது மிகுந்த வேதனை தருகிறது.

ஜாலஹள்ளி வாசகி

இருவருக்கும் நன்றி. இன்று காலை வெயில் புதருக்குள் விழுந்தபோது பார்த்துவிட்டேன்: தொண்டையில் வெள்ளை இல்லை, கோட்டின் சாயலும் இல்லை. அலகால் சருகை ஒருபுறம் தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்துச் சற்று நேரம் அசையாமல் நின்று, பிறகு மண்புழு ஒன்றை இழுத்தது. இன்னும் தெளிவான படம் எடுக்க, கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கலாமா?

நந்திமலை நடையர்

தயவுசெய்து வேண்டாம். கூச்ச சுபாவமுள்ள பறவை; இரை தேடும் நேரத்தை வீணாக்கும், அஞ்சி இடத்தையே விட்டுப் போகவும் கூடும். அது அங்கே தங்கியிருப்பதற்குக் காரணம் அந்த ஈரச் சருகுதான். பெருக்கிக் கூட்டி எரித்துவிட்டால் புழுவும் இல்லை, பறவையும் இல்லை. எனவே மூங்கிலடியை மட்டுமாவது மார்ச் முடியும்வரை அப்படியே விட்டுவைக்கும்படி தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். பறவை பார்த்த பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் பதிவிடும்போது முகம், தொண்டை, இறக்கை மூன்றையும் குறிப்பில் எழுதி, கடைசியாக அது தென்பட்ட நாளையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.