டிசம்பரில் ஓமான்: பாலைவனமும் கடலும் சேரும் கரையில் மகளோடும் அப்பாவோடும் என்ன செய்யலாம்?

உப்புவெளி ஆசிரியை:

வணக்கம். என் கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். மூன்றாம் தவணை விடுமுறைக்கு நானும் ஒன்பது வயது மகளும் என் அப்பாவும் அங்கே போகிறோம். கணவரின் நண்பர்களிடம் கேட்டால் கடைத்தொகுதிகளின் பெயர்களைச் சொல்கிறார்கள். அதை விட்டால் அரை நாள் பாலைவன உலா: ஜீப்பில் மணல்மேடு ஏறி இறங்கி, ஒட்டகத்தோடு ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்புவது. எனக்கு அதில் மனம் செல்லவில்லை.

இங்கே திருகோணமலையில் அந்த மாதத்தில் வாடைக்காற்றும் மழையும்தான். புறாத்தீவுக்கு வள்ளம் ஓடாது, மகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பாள். அங்கேயாவது அவள் முழு நாளும் வெளியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நன்றாக நீந்துவாள். அப்பா திருக்கடலூரில் வாழ்நாள் முழுவதும் கடற்றொழில் செய்தவர். முழங்கால் நோவு இருப்பதால் நீண்ட ஏற்றம் முடியாது. "கடலைப் பார்க்க இன்னொரு கடலுக்கு ஏன் போக வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி லொறிக்காரர்:

தங்கச்சி, பல வருடங்கள் சூர் நகரத்தில் இருந்து லொறி ஓட்டியவன் நான். மஸ்கட்டிலிருந்து கீழே அந்தக் கரை எனக்கு நல்ல பழக்கம். முதலில் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது சரியான கேள்வி.

ஆனி, ஆடியில் நம்மை வறுத்தெடுக்கும் கச்சான் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திருகோணமலைக்கு வருகிறது. அதே தென்மேற்குப் பருவக்காற்று ஓமானின் அரபிக்கடல் கரையோரமாக வீசும்போது மேல்நீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. புல் பூண்டு இல்லாத கரை என்று நாம் நினைக்கும் இடத்துக்கு முன்னால் அத்தனை மீன் இருப்பது அதனால்தான். மற்றக் கடல்களில் கூனல் திமிங்கிலங்கள் இரை தேடிக் குளிர்க்கடலுக்குப் போய்த் திரும்பும். அரபிக்கடலில் இருப்பவை எங்கும் போவதில்லை, வருடம் முழுவதும் அங்கேயே பிழைக்கின்றன. ஒரே காற்று நமக்கு ஒன்றையும் அவர்களுக்கு வேறொன்றையும் கொடுத்திருக்கிறது. இதைப் போய்ப் பார்ப்பதற்குத்தான் இன்னொரு கடல். ஐயாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

மஸ்கட்டிலிருந்து சூர் வரை ஏறக்குறைய 200 கிலோமீற்றர். நல்ல பாதை, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். வழியில் பிம்மா என்ற இடத்தில் சுண்ணாம்புப் பாறை கரைந்து உள்ளே விழுந்து ஒரு பெரிய கிடங்காகியிருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புநீரும் நன்னீரும் கலந்து பச்சை நீலமாக நிற்கும். படிக்கட்டு உண்டு. மகள் அதில் நீந்தட்டும், ஐயா மேலே இருந்து பார்க்கலாம். சூருக்குப் போனால் மரக்கப்பல் கட்டும் பட்டறைக்கு அவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். 1980இல் அந்த ஊரில்தான், ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து 'சோஹார்' என்ற பாய்க்கப்பலைக் கட்டினார்கள். அது சீனா வரை ஓடியது. இப்போது மஸ்கட்டில் ஒரு சுற்றுவட்டத்தின் நடுவே நிற்கிறது. வள்ளத்தில் வாழ்ந்த மனிதர் அந்தத் தையலைக் கையால் தடவாமல் வரமாட்டார்.

சூரைத் தாண்டினால் ராஸ் அல் ஜின்ஸ். பச்சைக் கடலாமைகள் முட்டையிட வரும் கரை. கூட்டமாக வருவது கோடையில்தான், ஆனாலும் எந்த மாதமும் முற்றாக வெறுமையாக இராது. இரவிலும் விடியுமுன்னும் வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள். டோர்ச் அடிக்கக் கூடாது, படம் எடுக்க வெளிச்சம் போடக் கூடாது. மகளுக்கு முதலிலேயே சொல்லிவைத்தால் அவளே காவல் பார்ப்பாள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

இனி மணல். ஜீப் உலாவை விட்டுவிடுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த ஜீப்புகள் ஓடும் ஷர்கியா மணற்பரப்பு வெறும் மணல் அல்ல. 1986இல் பிரித்தானிய அரச புவியியல் கழகம் அங்கே பெரிய ஆய்வு நடத்தியபோது ஏறத்தாழ 150 வகைத் தாவரங்களைக் கண்டார்கள். வண்டு, பல்லி, பாம்பு, நரி எல்லாம் பகலில் மண்ணுக்குள் இருந்துவிட்டு இரவில் நடமாடும். வேகமாக ஏறி இறங்கும் வண்டிச் சில்லு வேரையும் வளையையும் ஒன்றாக நசுக்கிவிடும். அதற்குப் பதிலாக மணலின் ஓரத்தில் ஒரு இரவு தங்குங்கள். விடிவதற்கு முன் எழுந்து, வெறுங்காலோடு, காற்று எழும்புவதற்குள் நடந்து பாருங்கள். இரவில் யார் எங்கே போனார், எங்கே திரும்பினார், யாரை யார் பிடித்தார் என்பது முழுவதும் மணலில் எழுதியிருக்கும். பிள்ளைக்கு அதை விடப் பெரிய பாடம் கிடையாது. ஐயாவும் மேடு ஏறத் தேவையில்லை, அடிவாரத்திலேயே எல்லாம் இருக்கும்.

ஓரங்களில் நிற்கும் பெரிய மரங்களை அங்கே காஃப் என்பார்கள். அது வேறு ஒன்றுமில்லை, நம் கோயில்களில் மானம்பூவன்று வாழையோடு சேர்த்து வெட்டும் வன்னிதான். மிக ஆழமாக வேர் விட்டு, மழை இல்லாத வருடத்திலும் தழைத்து, ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நிழலும் இரையும் கொடுக்கிறது. அதன் அடியில் நெருப்பு மூட்டாதீர்கள். விறகை நகரத்திலிருந்தே கொண்டு போங்கள்.

மஸ்கட் தாதி (ஊர் மூதூர்):

அக்கா, அண்ணன் சொன்னதோடு சில விஷயங்கள். வெள்ளியும் சனியும் இங்கே விடுமுறை. வாடி ஷாப் பள்ளத்தாக்குக்கு அந்த நாட்களில் போனால் பாறை முழுவதும் ஆட்கள்தான் இருப்பார்கள். ஞாயிறு முதல் வியாழன் வரைக்குள் வையுங்கள். முதலில் சிறு படகில் கடக்க வேண்டும், பிறகு பாறையும் கல்லுமாக முக்கால் மணி நேர நடை. அப்பாவுக்கு வேண்டாம், அவர் படகுத்துறையில் தேநீரோடு இருக்கட்டும். உள்ளே போய் நீந்த மகளுக்கு உயிர்காப்பு அங்கி கட்டாயம். கடைசிக் குகைக்குள் போகும் இடைவெளி மிக ஒடுக்கமானது, தலை மட்டும்தான் தண்ணீருக்கு மேலே இருக்கும். ஒன்பது வயதுக்கு அதை நான் சொல்லமாட்டேன், அதற்கு முன்னால் உள்ள குளங்களே போதும். மலைப்பக்கம் முகில் கட்டினால் எந்தப் பள்ளத்தாக்கிலும் இறங்காதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலே வெள்ளம் வந்துவிடும்.

தோளும் முழங்காலும் மூடும் நீச்சல் உடை எடுத்து வாருங்கள், ஊர்மக்கள் அதை மதிப்பார்கள். மணலில் இரவு 15 பாகைக்கும் கீழே குளிரலாம், ஆகவே அப்பாவுக்குக் கம்பளியும் தொப்பியும் வேண்டும். பகலில் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். நீர்ச்சத்துக் குறைந்து மருத்துவமனைக்கு வருபவர்களில் நம் ஊர்ப் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

கிண்ணியா பறவைநோக்கர்:

ஷர்கியாவை விட இன்னும் தெற்கே பார் அல் ஹிக்மானுக்குப் போகச் சொல்வேன். நம் திருகோணமலைக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. அங்கே கடல் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரை சேற்றுத் திடல். மாரியில் இலட்சக்கணக்கான கரைப்பறவைகள் அதில் மேய்கின்றன. கறுப்பு வெள்ளை நிறத்தில், தடித்த அலகோடு நண்டு பிடித்துத் தின்னும் ஒரு பறவை இருக்கிறது. மன்னாரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணலில் வளை தோண்டி முட்டையிட்டு, மண்ணின் சூட்டையும் அடைகாக்கப் பயன்படுத்தும் கரைப்பறவை அது ஒன்றுதான். பக்கத்தில் அல் கலூஃபில் வெண்மணல் மேடுகள் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. பாலைவனமும் கடலும் ஒன்றையொன்று தொடும் இடம் பார்க்க வேண்டுமானால் அதுதான்.

நிலாவெளி லொறிக்காரர்:

தம்பி சொல்வது உண்மை, அந்தக் கரை போல் இன்னொன்று இல்லை. ஆனால் மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். முழங்கால் நோவு உள்ளவரை வைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போவது சரியல்ல. இடையில் ஒரு இரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள். அப்படிப் போனால் தார்ப் பாதையை விட்டு இறங்காதீர்கள். சப்கா என்ற உவர்நிலம் நிலாவெளி உப்பளத்து மேலோடு போல உறுதியாகத் தெரியும், வண்டி ஏறியதும் அச்சு வரை புதைந்துவிடும். அல் கலூஃபில் கடலோரமாக மணலில் ஓட்டும் வழி வற்று நேரத்தில்தான் திறந்திருக்கும். பெருக்கு நேரம் தெரிந்த உள்ளூர் மீனவர் ஒருவரோடு, டயர்க் காற்றைக் குறைத்து, இரண்டு வண்டியாகப் போக வேண்டும். தனி வண்டியில் போகவே வேண்டாம்.

உப்புவெளி ஆசிரியை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. திமிங்கிலமும் தைத்த கப்பலும் அப்பாவை மாற்றிவிட்டன. இப்போது வற்றுப் பெருக்கு அட்டவணை எங்கே கிடைக்கும் என்று அவரே கேட்கிறார். இந்த முறை சூர், ஆமைக்கரை, மணலில் ஒரு இரவு என்று வைத்துக்கொள்கிறோம். தாதித் தங்கச்சி, மணலோரம் தங்குவதற்குக் கூடாரத்தை நாங்களே கொண்டு போகலாமா, அல்லது முகாமில் அறை எடுப்பது நல்லதா?

மஸ்கட் தாதி:

அப்பா வருவதால் முகாமே நல்லது அக்கா. கட்டிலும் கழிப்பறையும் இருக்கும், இரவில் அவர் மணலில் தடுமாற வேண்டியதில்லை. ஜீப் ஓட்டம் வேண்டாம், காலையில் நடக்க மட்டும் வருகிறோம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பாதையோரத்தில் வண்டியை விட்டால் அவர்களே ஏற்றிக்கொண்டு போவார்கள்.