சென்னை மாடியில் சக்குலண்ட் செடிகளுக்கு என்ன மண் கலவை போடலாம்?

தாம்பரம்_மாடி:
வணக்கம். மொட்டை மாடியில் எச்செவேரியா, ஹவோர்த்தியா, ரெண்டு அடீனியம் என்று சக்குலண்ட் (இலையிலோ தண்டிலோ நீரைச் சேமிக்கும்) செடிகள் வைத்திருக்கிறேன். எச்செவேரியாவில் அடி இலைகள் மஞ்சளாகி, நீர் கோத்து, தொட்டாலே உதிர்கின்றன. வாரம் ஒருமுறைதான் தண்ணீர். மண் கலவை: பாதி செம்மண், கால் பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), கால் பங்கு மண்புழு உரம். வீடியோக்களில் எல்லோரும் பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) என்கிறார்கள், அதன் விலை செடியை விட அதிகமாக இருக்கிறது. இங்கே சாதாரணமாகக் கிடைப்பதை வைத்து என்ன கலக்கலாம்? ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

கள்ளிப்பிரியன்:
உங்கள் கலவையில் காற்றுக்கு இடமே இல்லை. செம்மண்ணில் களி இருப்பதால் நனைந்தால் குழைகிறது, காய்ந்தால் இறுகுகிறது, கோகோபீட் வேறு தண்ணீரை நாள்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். வேருக்கு ஆக்ஸிஜன் போகாவிட்டால் அழுகல் தொடங்கிவிடும், நீங்கள் வாரம் ஒருமுறை ஊற்றினாலும் சரி, பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினாலும் சரி.

பியூமிஸ் வேண்டாம். வீடு கட்டும் இடத்தில் உடைந்து கிடக்கும் சூளைச் செங்கல் போதும் (சிமென்ட் ஒட்டியதை விட்டுவிடுங்கள், அது மண்ணைக் காரமாக்கும்). சுத்தியலால் 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுக்கு உடையுங்கள். செங்கல் 2 பங்கு, பெருமணல் 1 பங்கு, விறகுக்கரித் துண்டு அரைப் பங்கு, மக்கிய இலை உரமோ மண்புழு உரமோ 1 பங்கு. செம்மண் தேவையே இல்லை.

கலவையின் விகிதத்தை விட முக்கியம் சலிப்பது. செங்கலையும் மணலையும் மாவு சல்லடையில் போட்டு, கீழே விழும் தூளைக் கொட்டிவிடுங்கள், அப்புறம் மேலே நிற்பதைத் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். அந்தத் தூள்தான் துண்டுகளுக்கு நடுவில் உள்ள சந்துகளை அடைத்து, நல்ல கலவையையும் சேறாக்கிவிடும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் கல்தூள் இன்னும் அதிகம், கூடுதலாக அலச வேண்டும். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம், உப்பு.

கோவை_தொட்டி:
கலவை நல்லது, ஆனால் ஊருக்கு ஊர் மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் காற்றில் ஈரம் குறைவு, இதே கலவை சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் நான் உரப் பங்கைக் கொஞ்சம் கூட்டுகிறேன். பெர்லைட் (சூட்டில் பொரிந்த, லேசான வெள்ளைக் கல் துகள்) கிடைத்தாலும் மாடிக்கு எனக்குப் பிடிக்காது, தண்ணீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வந்து காற்றில் பறக்கும்.

இன்னொன்று, தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் வடிகால் கிடைக்கும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. பொடி மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய ஜல்லிக்குள் எளிதில் இறங்காது, மண் நிறைய ஊறிய பிறகே சொட்டும். அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே, வேருக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். மேலிருந்து கீழ் வரை ஒரே கலவை போடுங்கள், ஓட்டையில் ஒரு வலைத்துண்டு போதும்.

எச்செவேரியா விஷயத்தில் மண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது. அதில் பெரும்பாலான இனங்கள் மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடிகள். இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் மூச்சு விடும், அதற்கு ராத்திரி குளிர்ச்சி வேண்டும். சென்னையின் கோடை ராத்திரி அதற்குக் கஷ்டம்தான். காலை வெயில் மட்டும் படுகிற, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். ஹவோர்த்தியாவுக்கு அரை நிழல். அடீனியம் கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியாப் பக்கத்துச் செடி, உங்கள் வெயில் அதற்குக் கொண்டாட்டம்.

தாம்பரம்_மாடி:
ரொம்ப நன்றி. ஒரு எச்செவேரியாவைப் பிடுங்கிப் பார்த்தேன், நர்சரியில் இருந்து வந்த கோகோபீட் உருண்டை அப்படியே இருக்கிறது, சுற்றியுள்ள மண் காய்ந்தும் அது மட்டும் நசநசவென்று ஈரமாக இருக்கிறது. அப்படியே நடலாமா?

கள்ளிப்பிரியன்:
வேண்டாம், அந்த உருண்டையில்தான் அழுகல் ஆரம்பித்திருக்கும். முழுக்க உதிர்த்து எடுங்கள், கறுத்துப் போன வேர்களைச் சுத்தமான கத்தரியால் நறுக்குங்கள். காயம் ஆற நிழலில் மூன்று நான்கு நாள் வெறும் வேராக வையுங்கள், ஒன்றும் ஆகாது. காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். கறுப்பு தண்டு வரை ஏறியிருந்தால், உள்ளே வெள்ளையாகத் தெரியும் இடம் வரை தண்டை வெட்டிவிட்டு, தலையை மட்டும் காயவைத்து நடுங்கள், புது வேர் விடும்.

நடுவதற்கு முன் கலவையை நனைத்து ஒரு கைப்பிடி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் இன்னும் செங்கல் சேருங்கள். தொட்டி மண் தொட்டியாக, செடியை விட ஒரு விரல் அகலம் மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

கோவை_தொட்டி:
வேரில் வெள்ளையாக மாவு அப்பியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? இருந்தால் வேர் மாவுப்பூச்சி. அந்த மண்ணை வேறு எந்தத் தொட்டியிலும் கொட்டாதீர்கள், வேரை நன்றாகக் கழுவிவிட்டு நடுங்கள்.