புதுப்பிப்பு: அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு

அம்மாவுக்கு இடுப்பு வலி, எம்.ஆர்.ஐ. (பெரிய காந்தத்தை வைத்து எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க உடம்புக்குள் வைக்கும் கருவி) இருப்பதால் கடலூரில் கேட்ட இடத்திலெல்லாம் முடியாது என்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். நேற்று புதுச்சேரியில் நல்லபடியாக முடிந்தது.

பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த அட்டையால்தான் வழி பிறந்தது. கருவியின் மாடல் எண் மட்டும் போதாது. அதிலிருந்து இதயத்துக்குள் போகும் லீடின் (மெல்லிய ஒயரின்) எண்ணும் வேண்டும். இரண்டுமே எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவை என்று பார்த்து கார்டியாலஜிஸ்ட் கடிதம் கொடுத்தார். ஸ்கேனுக்கு முன்னால் கருவியை எம்.ஆர்.ஐ. மோடுக்கு (ஸ்கேன் நேரத்துக்கான தனி அமைப்பு) மாற்றினார்கள். முடிந்ததும் பழையபடி மாற்றியாக வேண்டும். அதைக் கூடவே நின்று கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் தாலி. காந்தத்துக்குப் பக்கத்தில் உலோகம் கூடாதே. கழற்றவே மாட்டேன் என்று அம்மா ஒரே பிடிவாதம். செயினில் நாலைந்து ஊக்கு வேறு. நர்ஸம்மா, "மஞ்சள் கயிறு மாத்திக்கிட்டு வாங்கம்மா, அவ்ளோதான்" என்றதும் முகம் தெளிந்துவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் எத்தனை பெண்களுக்கு மனக்கலக்கம் மிச்சம்!

சிடி ஸ்கேன் போதாதா என்று கேட்டவர்களுக்கு: நரம்பு அழுத்தத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் தெளிவு என்றார் டாக்டர். ரிப்போர்ட் திங்கட்கிழமை வரும்.