அம்மா பார்த்த இரண்டாவது நிலா எந்தக் கணக்கில் வரும்?

கேள்வி

மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் அளவைகள், அதாவது சரியான அறிவைப் பெறும் வழிகள், இரண்டே: பிரத்தியக்கம் (நேரடிக் காட்சி), கருத்தளவு (அனுமானம்). ‘சுட்டுணர்வைப் பிரத்தியக்கம் எனச் சொலி, விட்டனர் நாம சாதி குணக் கிரியைகள்’ என்ற இடத்திலேயே ஒரு வாரமாக நிற்கிறேன். பெயர், சாதி (பொருளின் வகை), குணம், செயல் எதையும் ஏற்றாமல் கண்ணில் படுவதுதான் காட்சி. தப்பு வந்தால் அது அப்புறம் மனசு ஏற்றுவதில் வரும். இதுவரை சரி.

என் அம்மாவுக்கு 71 வயது. இரண்டு கண்ணிலும் புரை. போன பௌர்ணமியன்று மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தவர், “நிலா ரெண்டா தெரியுதுடி” என்றார். எந்தக் கண்ணை மூடிப் பார்த்தாலும் இரண்டுதான். வானத்தில் இருப்பது ஒரே நிலா என்று அவருக்குத் தெரியாதா என்ன? அப்படியானால், மனசு ஏற்றாத அந்த இரண்டாவது நிலா எங்கிருந்து வந்தது?

பதில் 1

‘இரண்டு’ என்று எண்ணியதே மனசின் வேலைதானே? கண்ணில் பட்டது வெறும் ஒளி. கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று பதறுவது மாதிரிதான் இதுவும். கண்மேல் குற்றமில்லை.

பதில் 2

கயிற்றையும் நிலாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. உங்கள் அம்மா கண்டது பௌத்தத் தருக்க அறிஞர் தருமகீர்த்தி திரும்பத் திரும்பக் கையில் எடுக்கும் உதாரணமேதான். 7ஆம் நூற்றாண்டில் அவர் சொன்ன வாதம் இது. இரட்டை நிலா மனசின் பிழை என்றால், கயிற்றுப் பாம்பு போலவே நடந்துகொள்ள வேண்டும். விளக்கைக் கொண்டுவந்து ‘இது கயிறு’ என்று தெரிந்துகொண்டால் பாம்பு போய்விடும். கண் பழுதாக இருந்தாலும் போய்விடும். நிலா அப்படியா? ஒன்றுதான் என்று தெரிந்த பிறகும் இரண்டாகவே நிற்கிறது. இன்னொன்று, மனசின் பிழையாக இருந்தால் கண் குணமான பிறகும் அது தங்கலாமே. ஆகவே பழுது கண்ணில்தான்.

அவருக்கு முந்தைய பௌத்த அறிஞர் திக்நாகர், காட்சியைக் ‘கற்பனை நீங்கியது’, அதாவது மனசு எதையும் ஏற்றாதது, என்று வரையறுத்தார். தருமகீர்த்தி தம் நியாயபிந்து என்ற நூலில் அதோடு ‘பிறழாதது’ என்ற சொல்லையும் சேர்த்தார். அந்த ஒரு சொல்லுக்குத் தேவை வந்ததே இப்படிப்பட்ட கண்களால்தான். பிறழ்வுக்கு அங்கே சொல்லப்படும் காரணங்கள்: கண்நோய், வேகமான சுழற்சி, படகுப் பயணம், உடலுக்குள் ஏற்படும் கலக்கம். கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரிகிறது, படகில் போனால் கரை மரங்கள் ஓடுகின்றன. இவற்றில் பெயரோ சாதியோ யாரும் ஏற்றவில்லை. ஆனாலும் பொய்.

அப்படியே 27ஆம் காதையையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அங்கே வைதிக அளவைவாதி (வேதநெறியில் நின்று அளவைகளைப் பேசுபவர்) சொல்லும் அறிவின் எட்டுக் குற்றங்களில் முதலாவதே சுட்டுணர்வு: ஏதோ ஒன்று இருக்கிறது என்பதோடு நின்று, இன்னதென்று தெளியாதது. அங்கே குற்றமாக வந்த அதே சொல் இரண்டு காதை தாண்டிப் பௌத்தரிடம் அளவையாகிறது. எனக்குக் காப்பியத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

கேட்டவர்

நன்றி ஐயா. திங்கட்கிழமை அம்மாவுக்கு வலது கண்ணில் மட்டும் அறுவை முடிந்தது. நேற்று இரவு மாடிக்கு அழைத்துப்போய் இடது கண்ணை மூடச் சொன்னேன். நிலா ஒன்று. வலதை மூடினால் பழையபடி இரண்டு. மனசு அதே மனசுதான். அவர் எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ளவும் இல்லை. பதில் 1 சொன்னதை இனி என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “கொஞ்சம் கீழ தள்ளி இருக்கு. மங்கல். ஓரமெல்லாம் பால்ல நனைஞ்ச மாதிரி” என்றார். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.