கேம்ப்ல பக்கத்து டென்ட்காரங்ககிட்ட பேசலாமா?

அடுத்த மாசம் அமெரிக்காவுல யோசெமிட்டி நேஷனல் பார்க்ல இருக்கற அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல ரெண்டு நைட் டென்ட் போட்டு தங்குறோம், நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, ஃபர்ஸ்ட் டைம். பக்கத்து சைட்காரங்ககிட்ட நாமளா போய் பேசினா தொந்தரவுன்னு நினைப்பாங்களா? நம்மூர் ட்ரெயின் மாதிரி புளியோதரைய நீட்டிட முடியுமா என்ன 😀

மலைக்குருவி: தாராளமா பேசலாம். டென்ட் அடிக்கும்போது ஒரு ஹாய், எந்த ட்ரெயில் போனீங்கன்னு ஒரு கேள்வி, அவ்ளோதான், அப்புறம் அவங்களே நிறுத்த மாட்டாங்க. ஆனா அவங்க சைட் நடுவுல குறுக்க நடக்காதீங்க, பசங்ககிட்டயும் சொல்லிடுங்க, அது அவங்க வீட்டு வாசல் மாதிரி.

தூங்குமூஞ்சி: நைட் 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் சத்தமே கூடாதுங்க. நாங்க அந்தாக்ஷரி ஆரம்பிச்சு குஷியில டைம் பாக்கல, பத்தேகாலுக்கு பக்கத்து தாத்தா டார்ச்சோட வந்து நின்னாரு, மானம் போச்சு. காலைல ஃபில்டர் காபி கொண்டுபோய் குடுத்துதான் சமாதானமாச்சு, ரெண்டாவது கப்பும் கேட்டாரு.

கட்டுச்சோறு: புளியோதரை குடுங்க, ஆனா கடலை போட்டிருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க, அலர்ஜி இருக்கும். மிச்சத்த உடனே கரடி லாக்கர்ல (கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி) வச்சு பூட்டணும், வாசனை வர்ற டூத்பேஸ்ட் உட்பட. இல்லன்னா கரடிதான் பக்கத்து வீட்டுக்காரரா வரும்.

கேட்டவர்: ஹாஹா சரி, காபித்தூள் எக்ஸ்ட்ரா எடுத்துக்கறேன்