1963-64 குரூப் போட்டோ: இதே படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா?

வணக்கம். இராமநாதபுரம், பரமக்குடி பக்கத்து உறவுகள் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

நடு வரிசையில் இடமிருந்து மூன்றாவது, சட்டையின் மேல் பொத்தானுக்குப் பதிலாக ஊக்கு குத்தி நிற்பவர் என் அப்பாவின் சித்தப்பா. தரையில் சம்மணமிட்ட பையன் மடியிலுள்ள சிலேட்டில் '11 பி, 1963-64'. அப்போது பதினொன்றுதான் எஸ்.எஸ்.எல்.சி. அட்டையின் அடியில் அச்சடித்திருந்த பெயர்களைக் கறையான் தின்றுவிட்டது. ஸ்டூடியோ முத்திரையில் 'பரமக்' மட்டும் மிச்சம்.

பரீட்சை முடிந்த கையோடு தனுஷ்கோடித் துறையில் வேலைக்குப் போனாராம். அந்த வருஷம் டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் பாம்பன் பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது; இவரும் அன்றைக்கே போய்விட்டார் என்பது அப்பாவின் கணக்கு. அவரைப் பெற்ற எங்கள் பூட்டி மட்டும் ஒப்பவில்லை. "புயலுக்கு முன்னாடியே கப்பலேறித் தலைமன்னார் போயிட்டான்" என்று சொல்லி, கடைசிவரை திதி கொடுக்கவே விடவில்லை.

படத்திலிருப்பவர்களுக்கு இப்போது எண்பது வயதை ஒட்டியிருக்கும். கறையான் படாத பிரதி யாரிடமாவது இருந்தால், பெயர் வரிசையை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள். உங்கள் தாத்தா இதில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள், ப்ளீஸ்.

இன்னொன்று. பள்ளியில் இரண்டு முறை கேட்டேன். பழைய ரிஜிஸ்தர் பரணில் கிடக்கிறது, எடுக்க ஆளில்லை என்கிறார்கள் (நானே ஏறுகிறேன் என்றதற்குச் சிரித்தார்கள்). டி.சி. வாங்கிய தேதி கிடைத்தாலே பெரிய விஷயம். முறைப்படி யாருக்கு மனு எழுத வேண்டும்? சித்தப்பா பெயரை உள்பெட்டியில் தருகிறேன்.