பொருள்: கிளாக் கேட்டிங், பவர் கேட்டிங்: மடையா, மதகா?

காட்பாடியிலிருந்து:

வணக்கம். மேகக் கணிமைச் சர்வர்களில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் செயலி வடிவமைப்பு பற்றிய கட்டுரைக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் வேண்டும். சிப்பில் வேலையில்லாத பகுதிக்குக் கடிகாரத் துடிப்பு (வேலைகளுக்குத் தாளம் போடும் சைகை) போகாமல் நிறுத்துவது கிளாக் கேட்டிங். அந்தப் பகுதிக்கு மின்சாரத்தையே துண்டிப்பது பவர் கேட்டிங். 'கடிகார வாயில்' ஒத்துவராது. அண்ட், ஆர் போன்ற அடிப்படைச் சுற்றுகள் எல்லாம் ஏற்கெனவே தர்க்க வாயில்கள். துடிப்பை நிறுத்தும் செல்லே (சிறு சுற்று) ஒரு லேட்ச்சும் (ஒரு பிட்டைப் பிடித்துவைக்கும் சுற்று) ஒரு அண்ட் வாயிலும் சேர்ந்ததுதான். வாயிலுக்குள் வாயில் என்று எழுத நேரும். என் முன்மொழிவு: துடிப்படைப்பு, மின்னடைப்பு.

ஆற்காட்டிலிருந்து:

ஐயா, துடிப்படைப்பு என்றதும் மாரடைப்புதான் காதில் விழுகிறது. 'துடிப்புக் கட்டல்' சரிவருமா?

குடியாத்தத்திலிருந்து:

கட்டல் வேண்டாங்க. நம்ம பக்கம் 'கழனிக்குத் தண்ணி கட்டறது' என்றால் பாய்ச்சுவது. நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும். ஆனால் கழனிப் பக்கம் போனதில் வழி கிடைத்தது. ஏரிக்கரையில் இருப்பது மதகு. வாய்க்காலிலிருந்து கழனிக்குத் திறப்பது மடை. கிளாக் கேட்டிங்கை மடை என்றும் பவர் கேட்டிங்கை மதகு என்றும் வைத்துப் பாருங்கள்.

மடையை அடைத்தாலும் வாய்க்காலில் தண்ணீர் நிற்கும், கசிவும் நிற்காது. துடிப்பை நிறுத்தினால் டிரான்சிஸ்டர்கள் மாறுவது நிற்கிறது. மின்னழுத்தம் அப்படியே இருப்பதால் கசிவு மின்னோட்டம் தொடர்கிறது. மதகை அடைத்தால்தான் வாய்க்கால் காயும். காய்ந்த வாய்க்காலில் மறுபடி விட்டால் மண் குடித்த பிறகே தண்ணீர் கடைமடைக்குப் போகும். மதகை ஒரேயடியாகத் தூக்கினால் கரை உடையும். சிப்பிலும் அதேதான்: மின்சாரத்தைத் துண்டிக்கும் உறக்க டிரான்சிஸ்டர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் மின்னோட்டம் பாய்ந்து, பக்கத்துப் பகுதியின் மின்னழுத்தம் சரியும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் திறப்பார்கள்.

காட்பாடியிலிருந்து:

ஒரு தடை. ஏரியில் மதகிலும் மடையிலும் ஓடுவது ஒரே தண்ணீர். இங்கே துடிப்பு வேறு, மின்சாரம் வேறு.

குடியாத்தத்திலிருந்து:

அதற்காகத்தான் முன்னொட்டு: துடிப்பு மடை, மின் மதகு. உவமை முழுக்கப் பொருந்த வேண்டியதில்லை. எதை அடைத்தால் எது மிஞ்சும் என்பது சொல்லிலேயே தெரிந்தால் போதும். கட்டுரைக்கு அந்த வேறுபாடுதான் உயிர். சர்வர்கள் பெரும்பாலும் 10 முதல் 50 சதவீதப் பளுவில்தான் ஓடுகின்றன என்று கூகுளின் பரோசோவும் ஹோல்ஸ்லேயும் 2007இல் எழுதினார்கள். சும்மா இருக்கும்போதே உச்ச அளவில் பாதி மின்சாரத்தைத் தின்றன என்பது அவர்கள் காட்டிய குறை. அப்படியானால் எல்லா மதகையும் அடைத்துவிடலாமே என்று தோன்றும். லினக்ஸ் இயங்குதளத்தில் இன்டெலின் ஸ்கைலேக் சர்வர் செயலிக்கான அட்டவணையைப் பாருங்கள்: துடிப்பை மட்டும் நிறுத்தும் சி1 என்ற உறக்க நிலையிலிருந்து விழிக்க 2 மைக்ரோ விநாடி, மின்சாரமும் போகும் சி6இலிருந்து 133. அதோடு 600 மைக்ரோ விநாடியாவது தூங்கினால்தான் சி6 கட்டுப்படியாகும். இடையிடையே கோரிக்கை வந்துகொண்டே இருந்தால் மதகைத் தொடக் கூடாது.

ஆற்காட்டிலிருந்து:

ஏற்கிறேன். செயலைச் சொல்ல 'மடையடைப்பு', 'மதகடைப்பு' போதும். மாரடைப்பு வாடை போய்விட்டது. லேட்ச் ஏன் என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்க்கவும். துடிப்பு மேலே இருக்கும்போது அதைத் திற, மூடு என்று சொல்லும் அனுமதிச் சைகை மாறினால் அரைத் துடிப்பு நழுவிப் போய் துடிப்புக்கேற்ப மதிப்பைப் பதியும் ஃபிளிப்ஃபிளாப் தவறான மதிப்பைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான், துடிப்பு கீழே இருக்கும்போது மட்டும் லேட்ச் அந்தச் சைகைக்கு வழிவிடும்.

இன்னொன்று: மதகடைத்த பகுதியின் வெளியீடுகள் மிதந்து (0, 1 எதிலும் நிலைக்காமல்), விழித்திருக்கும் பக்கத்துப் பகுதியைக் கெடுக்காமல் தடுக்கும் ஐசொலேஷன் செல்லுக்கு 'வரப்பு' என்று வைக்கலாமா?

காட்பாடியிலிருந்து:

வரப்பு சரி. ஆனால் மதகை அடைக்கும் முன்பே வரப்பு போட வேண்டும், திறந்து மின்னழுத்தம் நிலைத்த பிறகே எடுக்க வேண்டும் என்று விளக்கத்தில் எழுதிவிடுகிறேன். வரிசை மாறினால் குப்பை மதிப்பு பக்கத்துக் கழனியில் பாயும்.